மூன்று புள்ளி எறும்பு

ஜூன் 2, திங்கள்

பிரஷர் நூற்றைம்பதுக்கு நூறு. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "ஆபீசுல யாரையாச்சும் திட்டணும்னு தோணுனா ஒடனே திட்டாதீங்க, ஒரு நோட்டுல எழுதி வையுங்க" என்றார். சால்டரிங் சாமான் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி, உறை பிரிக்காமல் பீரோவில் கிடந்தது. முதல் ஐந்து மாதப் பக்கங்கள் காலி. அந்த ஐந்து மாதம் நான் யாரையும் திட்டவில்லை என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம்.

முதலில் எழுத வேண்டிய பெயர் தேவசகாயம்.

கோயம்புத்தூர் கணபதியில் இருக்கும் எங்கள் கம்பெனி பம்பு செட்டுக்கு கன்ட்ரோலர் செய்கிறது. பதினோரு வருடமாக அதன் சர்க்யூட் போர்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் வரைவது நான் ஒருத்திதான். இன்றைக்கு முதலாளி வெங்கிடுபதி சார் புதிதாக ஒருவரைக் கூட்டிவந்து என் பக்கத்து மேசையில் உட்காரவைத்துவிட்டார். நாற்பத்தாறு வயது. பெங்களூரில் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்களாம். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம்.

"அம்மிணி, உங்க லைப்ரரிய இவருக்குக் குடுத்துருங்க" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார் முதலாளி.

லைப்ரரி என்றால் புத்தகம் இல்லை, ஃபுட்பிரிண்ட். ஒரு காம்பொனென்டின் கால்கள் போர்டில் எந்தெந்த இடத்தில் இறங்க வேண்டும், ஓட்டை எவ்வளவு பெரிது, ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் எவ்வளவு தூரம் என்று காட்டும் படம். ஒவ்வொரு காம்பொனென்டுக்கும் ஒரு படம் வேண்டும். அரை மில்லிமீட்டர் தப்பினால் கால் இறங்காது. என்னிடம் அறுநூற்றுப் பன்னிரண்டு இருக்கிறது. எல்லாம் வெர்னியர் பிடித்து நானே அளந்து வரைந்தது.

"குடுக்கறேன் சார், சர்வர்ல எடமில்ல, கொஞ்சம் காலி பண்ணிட்டு" என்றேன்.

சர்வரில் இடம் நிறைய இருக்கிறது.

ஜூன் 4, புதன்

மாவு புளித்து வழிந்து ஃபிரிட்ஜ் முழுக்க. தேவசகாயம் இரண்டு முறை லைப்ரரி கேட்டார். இரண்டு முறையும் "மேடம்" என்றார்.

ஜூன் 6, வெள்ளி

அவர் மூன்றாவது முறை கேட்கவில்லை. இணையத்தில் இருந்து இறக்கிக்கொண்டார்! எனக்கு மூன்று நாள் பிடிக்கும் வேலை, அவருக்கு இருபது நிமிடம்.

"யாரோ போட்ட படத்த அப்படியே எடுத்துப் போடறீங்களே, அளவு சரியா இருக்குமா?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் எடுக்க மாட்டேன் மேடம். நம்ம தமிழ் ஆளுங்க பேசிக்கிற ஒரு மூலை இருக்கு அந்த சைட்ல. அங்க கட்டெறும்புன்னு ஒருத்தர். ஆறு வருஷமா சும்மாவே வரைஞ்சு போடறார். என்ன சுத்தமான வேலை! அண்ணன் படம்னா கண்ண மூடிட்டு எடுக்கலாம்."

"அண்ணன்னு எப்படித் தெரியும்?"

"இவ்வளவு பொறுமையா வரையறவர் ரிட்டயர்டு ஆளாத்தான் இருப்பார் மேடம். அறுபது அறுபத்தஞ்சு வயசு இருக்கும்."

நாற்பத்தொன்று. அதாவது, இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்.

ஜூலையில் விவசாயக் கண்காட்சி. கிணற்றில் தண்ணீர் தீர்ந்தால் பம்பைத் தானாக நிறுத்தும் புது கன்ட்ரோலரை அதில் வைக்க வேண்டும். போர்டை தேவசகாயம் வரைகிறார். அதில் வரும் முப்பத்துநாலு ஃபுட்பிரிண்டையும் நான் சரிபார்த்து, தாளில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். முதலாளி உத்தரவு.

சரிபார்ப்பது என்றால் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஜூன் 9, திங்கள்

எட்டு நாளைக்கு ஒரு முறை வரும் தண்ணீர் இன்றைக்குத்தான் வரவேண்டுமா? தொட்டி நிரம்பி வழிந்து கீழ் வீட்டுக்காரர் சத்தம் போட்ட பிறகுதான் மோட்டார் ஞாபகம் வந்தது. ஊருக்கெல்லாம் கன்ட்ரோலர் செய்கிறோம், எங்கள் வீட்டில் கிடையாது.

ஆபீசில் தெர்மாகோல் பரீட்சை. இது என் முறை. போர்டைக் காகிதத்தில் அசல் அளவுக்கு பிரிண்ட் எடுத்து, தெர்மாகோல் அட்டையில் ஒட்டி, ஒவ்வொரு காம்பொனென்டையும் அதன் இடத்தில் குத்திப் பார்க்க வேண்டும். கால் எல்லாம் புள்ளியில் இறங்கினால் பாஸ். பதினோரு வருடத்தில் இதில் பாஸான ஒரு போர்டு கூடத் தோற்றதில்லை.

தேவசகாயம் குத்தினார். கனெக்டர் இறங்கவில்லை. ஐசி இறங்கவில்லை. ஒன்றுமே இறங்கவில்லை. மத்தியானம் வரை வியர்த்து வழிந்து ஒவ்வொரு அளவாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் நன்றாகவும் இருந்தது.

பிரிண்டரில் "தாளுக்குள் அடக்கு" என்ற இடத்தில் டிக் இருந்திருக்கிறது. படம் முழுக்க நூற்றுக்கு மூன்று சுருங்கிவிட்டது. அந்த டிக்கை யார் போட்டார்கள் என்று தெரியவில்லை. பிரிண்டர் என் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது உண்மைதான்.

ஜூன் 10, செவ்வாய்

டிக் விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்றால், நேற்றுச் சாயங்காலம் அந்த சைட்டில் புலம்பியிருக்கிறார். நான் தற்செயலாகப் பார்த்தேன்.

"கட்டெறும்பு அண்ணே, புது ஆபீஸ்ல ஒரு அம்மா இருக்காங்க. தெர்மாகோல்ல குத்துனாத்தான் நம்புவேங்கறாங்க. எதுவும் எறங்கல. அந்த அம்மா சிரிப்ப அடக்கிட்டு உக்காந்திருக்காங்க. வீட்டுல இட்லியக்கூட வெர்னியர் வெச்சுத்தான் அளப்பாங்க போல."

கால் மணி நேரத்தில் கட்டெறும்பு பதில் போட்டிருக்கிறது: பிரிண்டர் செட்டிங்கைப் பாருங்கள். மேலும், அந்த அம்மா சொல்வது சரியான முறை. அவரிடம் இருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

நல்ல பதில்.

ஜூன் 13, வெள்ளி

முப்பத்துநாலையும் முடித்தேன். முப்பத்துமூன்றை வெர்னியரும் கையுமாக, கம்பெனிக்காரன் கொடுத்த படத்தோடு வைத்து, கால் காலாகப் பார்த்தேன். ஏழு தப்பு. ஒவ்வொன்றையும் சிவப்பு மையில் வட்டம் போட்டு அவர் மேசையில் வைத்தேன். "நல்லவேளை பாத்தீங்க மேடம்" என்றார். முகம் சுளிக்கவே இல்லை. இவரைத் திட்டுவதற்கு வசதியாக இவர் எதுவுமே செய்வதில்லை.

முப்பத்துநாலாவது, ரிலே. பம்பை ஆன் ஆஃப் செய்யும் நீலநிறக் கட்டி, ஐந்து கால். படத்தைத் திறந்தேன். போர்டில் அச்சாகாத ஒரு அடுக்கில், ஓர் ஓரத்தில், வரிசையாக மூன்று சின்னப் புள்ளி. தலை, இடுப்பு, வயிறு. எறும்பு.

சரி, எழுதிவிடுகிறேன். டைரியிடமும் பொய் சொன்னால் பிரஷர் எப்படி இறங்கும். கட்டெறும்பு நான்தான்.

ஆறு வருடமாக, என் வீட்டுக்காரர் மில் ஷிஃப்ட் முடிந்து வருவதற்குள், கேட்டவர்களுக்கு எல்லாம் வரைந்து போடுகிறேன். என் படம் ஒவ்வொன்றிலும் அந்த எறும்பு இருக்கும். ஒரு நாளும் யாரும் கவனித்ததில்லை. இன்றைக்கு அது என் பக்கத்து மேசையிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

தெர்மாகோலில் ஐந்து காலும் சிக்கென்று இறங்கின. வேறென்ன பார்க்க? என் வேலையை நானே சந்தேகப்படுவதா? டிக்.

ஜூன் 14, சனி

வழக்கமாக ஐந்து சாம்பிள் போர்டு வரவழைத்து ஓட்டிப் பார்ப்போம்.

"சாம்பிள் எதுக்குங்க? நேரா இருநூறு போட்டுருங்க. நாகமணியம்மா கையெழுத்து இருக்கறப்ப என்ன ரோசன?" என்றார் முதலாளி.

போர்டு செய்பவருக்கு ஃபைல் போய்விட்டது.

ஜூன் 15, ஞாயிறு

இட்லி. சராசரி குறுக்களவு 78 மில்லிமீட்டர். சும்மாதான் பார்த்தேன்.

ஜூன் 21, சனி

தேவசகாயம் மதியச் சாப்பாட்டுக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து எனக்கும் கொஞ்சம் வைத்தார். மூன்று மாதம் முடிந்து நிரந்தரமானால்தான் மகளை இங்கே பள்ளிக்கூடம் மாற்ற முடியுமாம். அதுவரை மனைவியும் மகளும் பெங்களூரில், இவர் காந்திபுரத்தில் ஒரு அறையில். லைப்ரரி பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. குழம்பு நன்றாக இருந்தது. சர்வரில் இடம் காலி பண்ணுவதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

ஜூன் 27, வெள்ளி

பிரஷர் நூற்று நாற்பதுக்கு தொண்ணூறு. டாக்டருக்குச் சந்தோஷம்.

ஜூன் 30, திங்கள்

காலையில் போர்டு வந்தது. கட்டைப் பிரித்ததும் நல்ல பச்சை வாசனை. பாப்பாத்தியக்கா பத்து போர்டை மத்தியானத்துக்குள் சால்டர் பண்ணி முடித்துவிட்டார். இருபது வருட சால்டரிங் கை, பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

மூன்று மணிக்கு டெஸ்ட். ஒரு வாளித் தண்ணீரில் சென்சார் கம்பியை விட்டோம். பம்புக்குப் பதில் ஒரு குண்டு பல்பு. தண்ணீர் இருந்தால் பல்பு எரிய வேண்டும், கம்பியை வெளியே எடுத்தால் அணைய வேண்டும்.

தண்ணீரில் விட்டதும் பல்பு அணைந்தது. வெளியே எடுத்தோம், எரிந்தது.

இன்னொரு போர்டு. அதே கதை. பத்தும் அதே கதை.

முதலாளி வாளியைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார். "தண்ணி இருந்தா நிக்குது. தண்ணி இல்லீனா ஓடுது. ஏனுங்க, இதக் கொண்டுபோயி விவசாயிககிட்டக் காட்டுனா, எங்க மோட்டார கொளுத்தறதுக்கே மிசினு கண்டுபுடிச்சிருக்கீங்களான்னு கேப்பாங்க!"

தேவசகாயம் மீட்டர் வைத்துப் பார்த்தார். ரிலேயில் முன் பக்கம் மூன்று கால், பின் பக்கம் இரண்டு கால். அந்தப் பின் இரண்டில் ஒன்று ரிலே வேலை செய்யும்போது இணைவது, மற்றது சும்மா இருக்கும்போது இணைவது. படத்தில் அவை இரண்டும் இடம் மாறியிருக்கின்றன.

"நெட்ல எடுத்த படம் சார். நாந்தான் பாத்திருக்கணும்" என்றார்.

முதலாளி செக் தாளை எடுத்தார். முப்பத்துநாலாவது வரியில் என் டிக்.

அப்போது அந்த மனிதர் சொன்னார்: "மேடம் மேல தப்பில்ல சார். கால் எறங்குதான்னு பாக்கறதுதான் அவங்க வேல. எறங்குது. எந்தக் கால் எதுங்கறது என் பொறுப்பு."

பொய். எந்தக் கால் எது என்பதையும் பார்ப்பதுதான் என் வேலை. மற்ற முப்பத்துமூன்றில் பார்த்தேனே!

"வியாழக்கெழம பேசிக்கலாமுங்க" என்று முதலாளி தேவசகாயத்தைப் பார்த்துச் சொன்னார். அவர் குரலை உயர்த்தாமல் பேசினால் கணக்கு முடிந்தது என்று அர்த்தம்.

நான் வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு என் மேசைக்குப் போனேன். இன்றைக்கு பிரஷர் அளந்துகொள்ளவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

ரிலே கம்பெனியின் படத்தை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது: அடிப்பக்கம் இருந்து பார்த்தால் தெரிவது. மற்றவர்கள் மேலிருந்து பார்ப்பதைத்தான் வரைவார்கள். இவன் ரிலேயைக் கவிழ்த்துப் போட்டு, கால் பக்கத்தை வரைந்திருக்கிறான். அதைத் திருப்பிப் போட்டு வரைய வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் நான் அப்படியே வரைந்திருக்கிறேன். இடது வலதாகிவிட்டது.

தெர்மாகோல் ஏன் இந்தத் தப்பைப் பிடிக்கவில்லை? அந்த ஐந்து காலும் இடமும் வலமும் ஒரே மாதிரி. எப்படித் திருப்பி வரைந்தாலும் சிக்கென்று இறங்கும். பதினோரு வருடமாக நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்ன பரீட்சைக்கு, இந்த ஒரு ரிலே விஷயத்தில் கண்ணே கிடையாது.

ஆபீஸ் லைப்ரரியில் இந்த ரிலே இல்லை. யாரோ கேட்டார்கள் என்று அங்கே வரைந்து போட்டதோடு சரி. அந்தப் படத்தை இதுவரை ஆயிரத்து நூற்று நாற்பது பேர் இறக்கியிருக்கிறார்கள். எத்தனை ஊரில் எத்தனை மோட்டார் தலைகீழாக ஓடியதோ! முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சைட்டில் தேவசகாயம் எழுதியிருந்தார்: "அண்ணே, ரிலே படத்துல பின்னாடி ரெண்டு கால் மாறியிருக்கு. உங்களக் கொற சொல்லல. நான் பாக்காம போட்டது என் தப்பு. வேற யாரும் மாட்டிக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன். வேல போயிடும்னு நெனக்கறேன். இத்தன வருஷம் நீங்க போட்டதெல்லாம் எனக்கு எவ்வளவோ ஒதவியிருக்கு. நன்றி."

மூன்று முறை படித்தேன். அழுகை வந்தது. வீட்டுக்காரர் மில்லில் இருந்து வந்து, "என்னாச்சு?" என்றார். வெங்காயம் என்றேன். இன்றைக்கு வைத்தது ரசம்.

ஜூலை 2, புதன்

போர்டை மறுபடி செய்து வாங்க நாள் இல்லை. கண்காட்சிக்கு ஒன்பதே நாள். சாஃப்ட்வேரில் தலைகீழாக மாற்றிவிடலாமா என்று முதலாளி கேட்டார். கூடாது என்றேன். அப்படிச் செய்தால், எங்கள் கன்ட்ரோலர் செத்துப்போனாலும் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும்.

பாப்பாத்தியக்காவிடம் போய் உட்கார்ந்தேன். பத்து போர்டில் இருந்தும் ரிலேயைக் கழற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அடியில் இருந்து பார்த்த படத்தை மேலிருந்து பார்த்த மாதிரி வரைந்துவிட்டது என்று. யார் வரைந்தது என்று சொல்லவில்லை.

"அவ்வளவுதானா?" என்றார். "நாகு, நீங்கள்லாம் போர்ட மேலருந்து பாக்கறீங்க. நான் இருவது வருசமா அடியிலருந்துதான் பாக்கறேன். அந்தப் படம் எனக்குச் சரியாத்தான் இருக்குது."

போர்டைக் கவிழ்த்தார். ரிலேயை அடிப்பக்கம் இருந்து குத்தினார். மேல் பக்கத்தில் சால்டர் வைத்தார். கம்பியைத் தண்ணீரில் விட்டோம்.

பல்பு எரிந்தது. வெளியே எடுத்தோம். அணைந்தது.

ரிலே இப்போது போர்டுக்கு அடியில் தொங்குகிறது. பெட்டிக்குள் அடியில் இடம் போதாது. ஆனால் போர்டைத் தாங்கும் ஸ்பேசரை இரண்டு சென்டிமீட்டர் உயரமாகப் போட்டால் போதும். மேலே இருந்த உயரமான சாமானே ரிலேதான், அது கீழே போனதால் மூடியும் இடிக்காது. வெர்னியர் வைத்துப் பார்த்தேன். அக்கா சிரித்தார்.

ஜூலை 3, வியாழன்

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"தேவசகாயம் சார், நீங்க நல்ல மனுசருங்க. பாப்பாத்தி புண்ணியத்துல தப்பிச்சோம். ஆனா நெட்டுல கெடக்கறதயெல்லாம் அள்ளிப் போடறவர வெச்சு நான் எப்படிங்க தொழில் பண்றது? இந்த மாசத்தோட..."

"சார்" என்றேன். செக் தாளை மேசையில் வைத்தேன். "இந்த முப்பத்துநாலாவது வரி. இத நான் பாக்காமயே டிக் போட்டேனுங்க."

"பாக்காமயா? நீங்களா? ஏனுங்க?"

"என்னோட படம் அது. அதுனால பாக்கல."

இரண்டு பேருக்கும் புரியவில்லை. கம்ப்யூட்டரில் அந்த அச்சாகாத அடுக்கைத் திறந்து மூன்று புள்ளியைக் காட்டினேன்.

"கட்டெறும்பு நாந்தானுங்க."

தேவசகாயத்தின் முகம் ஒவ்வொரு நிறமாக மாறியது. இவர் அந்த அண்ணனிடம் என்னைப் பற்றி எழுதியது எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது என்று எனக்குத் தெரிந்தது.

முதலாளிக்கு வேறு கணக்கு. "ஆறு வருசமா ஊருக்கெல்லாம் சும்மா குடுத்துட்டு, பக்கத்து மேசைக்காரர் கேட்டா சர்வர்ல எடமில்லைன்னீங்களா அம்மிணி?"

"அங்க குடுத்தா நன்றின்னு ஒரு வார்த்த சொல்றாங்க சார். இங்க பதினோரு வருசத்துல நீங்க ஒரு தடவ சொன்னதில்லீங்க."

இதை எழுதி வைக்காமல் நேரே சொல்லிவிட்டேன். டாக்டர் மன்னிக்கட்டும்.

முதலாளி தாளை மடித்தார், விரித்தார். கடைசியில், "இனிமே அவரு வரைஞ்சா நீங்க பாருங்க, நீங்க வரைஞ்சா அவரு பாக்கட்டும். உங்க பழசு அறுநூத்திச் சொச்சத்தையும் அவரு பாக்கட்டும். ரெண்டு பேரும் போங்க, வேல கெடக்குது" என்றார்.

"அப்ப இந்த மாசத்தோட...?" என்று தேவசகாயம் இழுத்தார்.

"மாசத்தோட சாம்பிள் போடாத பழக்கத்த நிறுத்திக்கறேன்னு சொல்ல வந்தேனுங்க."

வெளியே வந்ததும் தேவசகாயம் நின்றார். "மேடம், அந்த இட்லி..."

"எழுபத்தெட்டு மில்லிமீட்டர்" என்றேன்.

சாயங்காலம் கட்டெறும்பின் கடைசிப் பதிவு: ரிலே படம் தப்பு. தப்பு என்னுடையது. திருத்தியது கீழே. பழையதை இறக்கியவர்கள் ரிலேயை போர்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ளவும். இப்படிக்கு, நாகமணி, கோயம்புத்தூர்.

முதல் பதில் நான்கே நிமிடத்தில். "நன்றி அண்ணே" என்று எழுதி, அதை அடித்து, "மேடம்" என்று போட்டிருந்தார்.

ஜூலை 11, வெள்ளி

கண்காட்சி. வாளி, பம்பு, கன்ட்ரோலர் எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. ஒரு விவசாயி மூடியைத் திறந்து பார்த்து, "ஏனுங்க, ரிலே தலகீழாத் தொங்குது?" என்று கேட்டார்.

வெங்கிடுபதி சார் கண் சிமிட்டவில்லை. "அதுதானுங்க நம்ம ஸ்பெசல். பல்லி மேல ஏறி உக்காந்து அசிங்கம் பண்ணாதில்லீங்களா? எங்க நாகமணியம்மா ரோசன. இவங்களுக்கு நாங்க ரொம்ப நன்றி சொல்லோணும்."

அந்த விவசாயி அப்போதே மூன்று எடுத்துக்கொண்டார். பதினோரு வருடம் காத்திருந்து கிடைத்த நன்றி, பல்லி அசிங்கம் பண்ணாததற்கு. பரவாயில்லை, வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 21, திங்கள்

பிரஷர் நூற்று முப்பதுக்கு எண்பத்தைந்து.

லைப்ரரியைப் போன வாரமே கொடுத்துவிட்டேன். தேவசகாயம் இதுவரை நூற்றிருபது படம் பார்த்து நான்கு தப்புக் கண்டுபிடித்திருக்கிறார். சிவப்பு மையில் வட்டம் போட்டு என் மேசையில் வைக்கிறார். "நல்லவேளை பாத்தீங்க சார்" என்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு. செப்டம்பரில் மனைவியும் மகளும் வருகிறார்கள்.

இன்றைக்கு நான் வரைந்த புது போர்டுக்குத் தெர்மாகோல் பரீட்சை. கனெக்டர் இறங்கவில்லை. ஐசி இறங்கவில்லை. ஒன்றுமே இறங்கவில்லை. பதினொரு மணி வரை ஒவ்வொரு அளவாகப் பார்த்தேன். தேவசகாயம் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போன வாரம் இடம் மாற்றியதில் பிரிண்டர் அவர் மேசைக்குப் பக்கத்தில் போய்விட்டது.

"தாளுக்குள் அடக்கு." டிக்.

அன்றைக்கு அந்த டிக்கைப் போட்டது யார் என்று இவருக்கு எப்படித் தெரிந்தது? நான் இந்த டைரியில்கூட எழுதவில்லையே.